விரலில் கிளிப் மாட்டினால் பொய் தெரியுமா? சிக்பேட்டைக் கடைக்காரருக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான்: பெங்களூரு சிக்பேட்டையில் துணி மொத்த வியாபாரம். கடையில் 18 பேர் வேலை பார்க்கிறார்கள். போன மாதம் கல்லாவிலிருந்து 40,000 ரூபாய் போய்விட்டது, போலீசுக்குப் போக முதலாளிக்கு மனமில்லை. இந்த நேரம் பார்த்து ஒருவர் ஒரு கருவியோடு வந்திருக்கிறார். விரலில் ஒரு கிளிப், மணிக்கட்டில் ஒரு பட்டை, எதிரே ஒரு கேமரா, சும்மா பேச்சுக் கொடுத்தாலே போதுமாம், பொய் சொன்னால் செல்போனில் சிவப்பு எரியுமாம், 95 சதவீதம் துல்லியமாம், விலை 38,000 ரூபாயாம். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள் அண்ணா. ஆனால் 'எல்லாம் டூப்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி நகர்ந்துவிட முடியாத விஷயம் இது, ஏனென்றால் அந்த சென்சார்கள் டூப் இல்லை. பதினாலு வருஷமாக இந்த ஊரில் நான் பார்க்கிற வேலையே அதுதான்: நாடித்துடிப்பு, வியர்வை, மூச்சு இவற்றை உடம்புக்கு வெளியே இருந்து அளந்து, அந்த அளவில் சேர்ந்துவிடும் குப்பையைச் சுத்தம் செய்கிற மென்பொருள். சென்சார் தான் பார்த்ததை ஒழுங்காகத்தான் சொல்கிறது. அது சொல்லாத ஒரு வார்த்தையை அதன் வாயில் திணித்து விற்கிறார்கள், கோளாறு அங்கேதான்.

பொய்க்கென்று உடம்பில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. காய்ச்சலுக்குச் சூடு இருக்கிற மாதிரி பொய்க்கு ஒன்று இருந்திருந்தால் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள், அவ்வளவு பேர் அவ்வளவு காசு கொட்டித் தேடியிருக்கிறார்கள். உடம்பில் தெரிவது ஒன்றே ஒன்று, மனசு எதையோ கவனித்து உஷாராகிவிட்டது என்பது. அந்த உஷார் பயத்தாலும் வரும், கோபத்தாலும் வரும், அவமானத்தாலும் வரும், பின்னால் யாரோ தட்டைக் கீழே போட்டாலும் வரும். 'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்று நாம் சொல்கிறோம், சரிதான், ஆனால் குற்றமில்லாத நெஞ்சும் முதலாளி கூப்பிட்டு விரலில் கிளிப் மாட்டினால் குறுகுறுக்கும் என்பதை யாரும் பழமொழியாகச் சொல்லி வைக்கவில்லை.

அந்த விரல் கிளிப் என்ன செய்கிறது என்று பார்ப்போம், இது தெரிந்தால் மற்றது தானே புரியும். உள்ளங்கையிலும் விரல்களிலும் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன, அவை வெயிலுக்கு மட்டுமல்ல, மனசு விழித்துக்கொள்ளும்போதும் திறக்கும். இரண்டு விரல்களுக்கு நடுவே அரை வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்து எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று பார்க்கிறோம், ஈரம் கூடினால் பாய்வதும் கூடும். அளக்கும் அலகு மைக்ரோசீமென்ஸ். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் பொதுவாக 2 முதல் 20 வரை இருக்கும், ஒரு கேள்வி சுருக்கென்று தைத்தால் அதன் மேல் 0.1 முதல் 1 வரை ஒரு சின்ன மேடு எழும். அந்த மேடு உடனே எழாது, கேள்வி காதில் விழுந்து 1 முதல் 3 வினாடி கழித்துத்தான் கிளம்பும், அப்புறம் ஏறி இறங்க இன்னும் பல வினாடி ஆகும்.

இங்கேதான் 'சும்மா பேச்சுக் கொடுத்தாலே போதும்' என்பது அடிபட்டுப் போகிறது. போலீஸ் பாலிகிராஃபில், அதாவது மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை மூன்றையும் சேர்த்துப் பதியும் பொய் கண்டறியும் கருவியில், ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே 20 வினாடிக்கு மேல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பதிலும் 'ஆம்', 'இல்லை' மட்டும்தான். உரையாடலில் அந்த 20 வினாடிக்குள் நீங்கள் ஒன்று கேட்டு, அவர் ஒன்று சொல்லி, நீங்கள் மறித்து, அவர் சமாளித்து, நடுவில் டீக்காரப் பையன் வந்து போயிருப்பான். மேடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்துவிடும், எது எந்த வார்த்தைக்கு எழுந்தது என்று பிரிக்க எனக்குத் தெரிந்த கணக்குகள் இருக்கின்றன, அமைதியான ஆய்வகத்தில் அவை ஓரளவு வேலையும் செய்யும், சிக்பேட்டையில் செய்யாது. பேசுவது என்பதே மூச்சை மாற்றுகிற காரியம். மூச்சை இழுக்கும்போது நாடி கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். ஒரு பெருமூச்சு விட்டால் போதும், வியர்வைக் கோட்டில் தானாக ஒரு மேடு வந்துவிடும். கல்யாணச் செலவை நினைத்துப் பெருமூச்சு விட்டவனும் உங்கள் செல்போனில் சிவப்பாகத்தான் எரிவான்.

மணிக்கட்டுப் பட்டை இன்னும் மோசம். அங்கே சுரப்பிகள் குறைவு, அவையும் மனசைவிட வெப்பத்துக்குத்தான் அதிகம் அசைகின்றன. டிசம்பர் காலையில் பெங்களூரில் விரல் விறைத்திருக்கும்போது கிளிப்பே சரியாகக் காட்டாது, இதில் மணிக்கட்டை நம்பி என்ன செய்வது.

என் வீட்டுக் கதை ஒன்று. சில வருஷங்களுக்கு முன் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு மலிவு வியர்வை சென்சாரை ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகையில் இணைத்து, அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் கடை விரித்தேன். அக்கா பையனிடம் ஐந்து சீட்டு கொடுத்து ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொன்றாகக் காட்டி, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே சொல்லச் சொன்னேன். பத்து ஆட்டத்தில் ஏழு தடவை சரியாகப் பிடித்தேன், குருட்டு ஊகத்தில் இரண்டுதான் வந்திருக்கும், வீடே கைதட்டியது. அந்த மிதப்பில், அன்று காலை ஃப்ரிட்ஜ் மேலிருந்து காணாமல் போன 500 ரூபாயைப் பற்றி எல்லோரையும் கேட்டேன். அத்தைக்குக் கோடு கூரையைத் தொட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திரையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த நோட்டு இஸ்திரிக்குப் போன என் சட்டைப் பையிலேயே இருந்தது. 'எடுத்தேன்னா நினைச்சே?' என்று அத்தை ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள். அப்புறம் ஒரு மாதம் எனக்கு மட்டும் காபியில் சர்க்கரை இல்லை.

ஒரே சென்சார், ஒரே ஹால், ஒரே ஆள் நடத்தியது. சீட்டு வேலை செய்தது, நோட்டு ஏன் வேலை செய்யவில்லை? சீட்டு விளையாட்டில் நான் பொய்யைப் பிடிக்கவில்லை. ஐந்தில் எது அவனுக்குத் 'தெரிந்த' சீட்டு என்பதைத்தான் பிடித்தேன். நோட்டு விஷயத்தில் 'நீ எடுத்தாயா?' என்று கேட்டேன், அந்தக் கேள்வி எடுத்தவரையும் சுடும், எடுக்காதவரையும் சுடும், மானஸ்தரை இன்னும் அதிகமாகவே சுடும்.

பாலிகிராஃபின் கதையும் இந்த இரண்டாவது வகைக் கேள்வியில்தான் சிக்கிக்கொண்டது. 1921-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் லார்சன் என்ற போலீஸ்காரர், உடலியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒன்றாகப் பதிவு செய்யும் கருவியைக் கட்டினார், வியர்வை அளவு பின்னால் சேர்ந்தது. கேள்வி எல்லோரையும் சுடுகிறதே என்பதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள்: வழக்கு பற்றிய கேள்விகளுக்கு நடுவே 'வாழ்க்கையில் உன்னை நம்பியவரை என்றாவது ஏமாற்றியிருக்கிறாயா' என்கிற மாதிரி சில பொதுக் கேள்விகளைப் போடுவது. நிரபராதி இந்தப் பொதுக் கேள்விக்கு அதிகம் துடிப்பான், குற்றவாளி வழக்குக் கேள்விக்கு அதிகம் துடிப்பான் என்பது நம்பிக்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூட்சுமம் தெரிந்தவன் பொதுக் கேள்வி வரும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாலோ மனசுக்குள் கடினமான கணக்கு ஒன்றைப் போட்டாலோ தராசு சாய்ந்துவிடும். சோவியத்துக்கு உளவு பார்த்த, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் பாலிகிராஃபில் தேறினார், பிடிபட்டது 1994-ல்தான்.

அப்புறம் அந்த 95 சதவீதம். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் வியாபாரி, என்னைவிட வேகமாகப் போடுவீர்கள். விற்பவர் சொல்லும் எண் முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம், 18 பேரில் ஒருவர் திருடர், 17 பேர் நல்லவர்கள். திருடர் சிவப்பாக எரிய 0.95 வாய்ப்பு. நல்லவர்கள் 17 பேரில் தவறாக எரிபவர்கள் சராசரியாக 0.85 பேர். ஆக, உங்கள் முன்னால் ஒரு ஆள் சிவப்பாக எரிந்தால் அவர் திருடராக இருக்கும் வாய்ப்பு சுமார் 53 சதவீதம். காசு சுண்டிப் பார்ப்பதைவிட ஒரு இம்மி மேல். 90 சதவீதக் கருவி என்றால் எரிபவர்களில் மூன்றில் இரண்டு பேர் நிரபராதிகள். எடுத்தவர் ஊழியரே இல்லை, வாடிக்கையாளர் கூட்டத்தில் ஒருவர், அல்லது கணக்கெழுதியதில் பிழை என்றால்? எரிகிற ஒவ்வொருவரும் நிரபராதிதான்.

இது நானாகச் சொல்லும் வாதம் இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டிருக்கிறார்கள்: 10,000 ஊழியர்கள், அதில் 10 ஒற்றர்கள், பத்தில் எட்டு ஒற்றரைப் பிடிக்கிற மாதிரி பாலிகிராஃபைத் திருகி வைத்தால் 1,606 பேர் தோற்பார்கள், அதில் 1,598 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள். சரி, நல்லவர்களைக் காப்பாற்றுகிற மாதிரி திருகுவோம் என்றால் 41 பேர்தான் தோற்பார்கள், ஆனால் அதில் ஒற்றர் 2 பேர், மீதி 8 ஒற்றரும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்கள்.

கேமரா பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் பார்க்கிறவர்களை அசத்துவது. சாதாரண கேமராவால் நாடித்துடிப்பை எண்ண முடியும் என்பது நிஜம், 2008-லேயே செய்து காட்டிவிட்டார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் முகத்தில் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறையும், ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை உறிஞ்சும், ஆகவே முகத்தின் பச்சை நிறம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏறி இறங்கும். எனக்கு மிகப் பிடித்த சங்கதி இது. ஆனால் தோலில் மெலனின் என்கிற கருநிறமி கூடக் கூட அந்த ஏற்ற இறக்கம் மங்கும், ஆகவே நம் மாதிரி கறுத்த முகங்களில் பிழை அதிகம். பேசும்போது தாடை அசையும், டியூப்லைட் மினுக்கும், எல்லாம் குப்பையாக வந்து சேரும். அத்தனையும் தாண்டித் துடிப்பு 92 என்று சரியாகவே எண்ணிவிட்டாலும், 92 என்பது பொய்யா, மூன்று மாடி துணிப் பேல் தூக்கி ஏறி வந்த களைப்பா? வெப்பக் கேமரா என்று இன்னொன்று உண்டு, கண்ணோரம் சூடாவதைப் பார்ப்பது. 2002-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தபோது பெரிய பரபரப்பு. சோதித்தது 20 பேரைத்தான்.

குரலை வைத்துப் பொய்யைப் பிடிக்கும் மென்பொருள்களுக்கு நான் ஒரு பத்தி செலவழிப்பது அவை எடுபடாததற்காக அல்ல, அதில் கிடைத்த ஒரு வேடிக்கைக்காக. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், கைதாகி வந்தவர்களிடம் சமீபத்தில் போதைப்பொருள் எடுத்தாயா என்று கேட்டு, பிறகு சிறுநீர் சோதனையில் உண்மையைப் பார்த்தார்கள். பொய் சொன்னவர்களில் சுமார் 15 சதவீதம் பேரைத்தான் மென்பொருள் பிடித்தது. ஆனால் கருவி இருக்கிறது என்று தெரிந்து பதில் சொன்னவர்களில் 14 சதவீதம் பேர் பொய் சொன்னார்கள், முன்பு அதே இடத்தில் கருவி இல்லாமல் கேட்டபோது 40 சதவீதம். அதாவது மிஷின் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, மிஷின்மேல் இருந்த பயம் கண்டுபிடித்தது. நம் ஊரில் இதற்கு 38,000 ரூபாய் ஆனதில்லை, ஒரு கட்டி சூடம் போதும். கோயிலில் ஏற்றி, 'அணைத்துச் சத்தியம் பண்ணு' என்றால் கை நடுங்கும். உங்கள் தாத்தா காலத்தில் இந்தக் கடையிலேயே செய்திருப்பார்கள். அந்தச் சூடத்திலும் இதே ஓட்டை உண்டு: சாமிக்குப் பயந்த அப்பாவிக்குத்தான் கை நடுங்கும்.

மூளையைப் படிப்பதில் நம் பெங்களூருக்கே ஒரு பங்கு இருக்கிறது. இங்கே இருக்கும் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் கிளினிக்கல் சைக்காலஜி துறைக்குத் தலைவராக இருந்த சி.ஆர். முகுந்தன் உருவாக்கியதுதான் 'பியோஸ்' என்கிற முறை, தலையில் மின்முனைகள் வைத்து, குற்றம் பற்றிய வாக்கியங்களைக் கேட்கும்போது 'அனுபவ நினைவு' எழுகிறதா என்று பார்ப்பது. 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் இதையும் சாட்சியமாக எடுத்து ஆயுள் தண்டனை கொடுத்தபோது உலகம் முழுக்கப் பேசினார்கள். அதே வருஷம் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலேயே அமைந்த நிபுணர் குழு, இதற்கு அறிவியல் அடிப்படை போதாது என்று சொல்லிவிட்டது.

அப்புறம் 2010 மே 5. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் விசாரிக்கும் நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைகளைப் பதியும் சோதனை எதையும் ஒருவர் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்றது. சம்மதித்துச் செய்துகொண்டாலும் அந்த முடிவு அப்படியே சாட்சியமாகாது, அதைத் தொடர்ந்து பொருளோ தடயமோ கிடைத்தால் அதைத்தான் ஏற்கலாம். இது குற்ற விசாரணைக்கான தீர்ப்பு, கடை முதலாளிக்கு இல்லையே என்று அந்த விற்பனையாளர் வாதிடுவார். இருக்கட்டும், வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு பையன் நீட்டுகிற விரலை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்களா?

இனி, உருப்படியாக ஒரு வழி இருக்கிறதா என்றால், என் சீட்டு விளையாட்டுதான். டேவிட் லிக்கன் என்ற உளவியலாளர் 1959-லேயே இதை முறைப்படுத்தினார், ஜப்பானிய போலீசார் இன்றும் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். 'எடுத்தாயா' என்று கேட்பதில்லை. 'பணம் எதில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது, மஞ்சள் பையா, செய்தித்தாளா, ரப்பர் பேண்டா, கைக்குட்டையா, பிளாஸ்டிக் கவரா' என்று ஐந்தையும் ஒரே குரலில் அடுக்குவது. எடுத்தவருக்குத்தான் சரியான விடை தெரியும், அது வரும்போது வியர்வை மேடு பெரிதாகும், நாடி கொஞ்சம் தணியும் (ஆமாம், ஏறாது, தணியும், நாம் எதையாவது உற்றுக் கவனிக்கும்போது இதயம் அப்படித்தான்). தெரியாதவருக்கு ஐந்தும் ஒன்றுதான். இப்படி ஆறு கேள்வி கேட்டு ஆறிலும் சரியான விடைக்கே ஒரு நிரபராதிக்கு மேடு பெரிதாக எழ 15,625-ல் ஒரு வாய்ப்புதான். அழகான முறை, ஒரே நிபந்தனை, விவரம் வெளியே கசிந்திருக்கக் கூடாது. உங்கள் கடையில் போன மாதமே எல்லோரையும் நிற்க வைத்து 'ரெண்டாவது டிராயரில் மஞ்சள் பையில் இருந்ததை எவன் எடுத்தான்' என்று கத்தியிருப்பீர்கள், நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன். முடிந்தது, இப்போது பதினெட்டுப் பேருக்கும் விடை தெரியும்.

கருவியில்லாமல் பேச்சிலேயே பிடித்துவிடுவேன், ஆளைப் பார்த்தாலே தெரியும் என்றும் நினைக்காதீர்கள். 2006-ல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வு ஒன்றில், 24,000 பேருக்கு மேல் பொய்யையும் மெய்யையும் பிரித்துச் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் சரியானது 54 சதவீதம். முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையில் இருக்கும் ஆதாரத்தை மறைத்து வைத்துக்கொண்டு கேட்பது இதைவிட எவ்வளவோ மேல். எதிர்க் கடை கேமராவில் ஒருவர் ஏழு மணிக்கு ஷட்டர் பக்கம் நிற்பது தெரிகிறது என்று வையுங்கள். அதை முதலிலேயே போட்டு உடைக்காமல் 'அன்று சாயந்திரம் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த வழியாக, யாரைப் பார்த்தீர்கள்' என்று முழுக்கப் பேசவிட்டு, கடைசியில் காட்டுவது. ஸ்வீடனில் போலீஸ் பயிற்சி மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துச் சோதித்தபோது 85 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், பயிற்சி இல்லாதவர்கள் 56. விரலில் எதையும் மாட்டவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பது ஆளைப் பார்த்துச் சொன்னதல்ல, சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னது.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கருவிமேல் மனசு போனால், காசு கொடுப்பதற்கு முன் விற்பவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். உங்கள் சொந்தக்காரர்கள் ஐந்து பேரை அடுத்த அறையில் உட்கார வைத்து, ஒருவரிடம் மட்டும் 500 ரூபாய் நோட்டைக் கொடுத்து ஒளிக்கச் சொல்லுங்கள், ஐந்து பேரும் ஒருமாதிரியே 'இல்லை' என்று சொல்லட்டும், யார் என்று அந்தக் கருவி சொல்லட்டும். நோட்டு யாரிடம் என்பது உங்களுக்கும் தெரியக் கூடாது, விற்பவர் உங்கள் முகத்தைத்தான் படிப்பார். பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் ஆள் மாற்றி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே இரண்டு சரியாக வரும். ஒன்பது வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள், உள்ளே என்ன சென்சார் வைத்திருக்கிறார்கள் என்று நானே கழற்றிப் பார்க்க வேண்டும்.